27 அவுட்டுக்கு ஆள் எங்கே? காயம்பட்ட பேஸ்பால் அணி பிளேஆஃபில் தாக்குப்பிடிப்பது எப்படி

ஒரு பேஸ்பால் அணியில் நாலைந்து முக்கிய ஆட்டக்காரர்கள் அடிபட்டுப் படுத்துவிட்டால், ரசிகர்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். தோற்றால், "ஆளே இல்லையே, பாவம், என்ன பண்ணுவாங்க" என்பார்கள். ஜெயித்தால், "என்ன வைராக்கியம் பாரு" என்பார்கள்.

நான் லாஸ் ஏஞ்சல்ஸ் டாட்ஜர்ஸ் ரசிகன். 2023இல் முதல் பேச்சைக் கேட்டேன், 2024இல் இரண்டாவதைக் கேட்டேன். இரண்டும் எனக்கு ஒப்பவில்லை. இரண்டு வருடமும் காயப் பட்டியல் நீளம்தான், வைராக்கியத்துக்கும் குறைவில்லை. ஆனால் 2023இல் முதல் தொடரிலேயே மூன்று ஆட்டத்திலும் தோற்று வெளியே போனோம். 2024இல் கோப்பையே வாங்கினோம். நடுவில் மாறியது என்ன என்று புரிய வேண்டுமானால் ஒரு சின்னக் கணக்கு தெரிய வேண்டும். பேஸ்பால் பார்க்காதவர்களுக்கும் புரிகிற கணக்குதான் அது.

## பந்திக்கு ஆள் குறைவதும் அடுப்புக்கு ஆள் குறைவதும்

கல்யாண வீட்டில் பரிமாறுகிறவர்களில் இரண்டு பேர் வரவில்லை என்றால், இருப்பவர்கள் கொஞ்சம் வேகமாக நடந்து சமாளித்துவிடுவார்கள். அடுப்பில் நிற்கிற மாஸ்டர் வரவில்லை என்றால் அப்படி முடியாது. ஐந்நூறு பேருக்குச் சாம்பார் யாராவது வைத்தே ஆக வேண்டும். ஆள் இல்லை என்பதற்காக வேலையின் அளவு குறையாது.

பேஸ்பாலில் பந்து எறிகிற பிட்ச்சர்தான் அடுப்படி மாஸ்டர்.

கிரிக்கெட்டில் பழகிய நமக்கு இங்கே ஒரு தடுமாற்றம் வரும். டி20யில் எதிரணியின் ஒரு விக்கெட்டைக்கூட எடுக்காவிட்டாலும் 20 ஓவர் வீசினால் இன்னிங்ஸ் முடிந்துவிடும். பேஸ்பாலில் பந்துக்குக் கணக்கே கிடையாது. ஒரு அணி ஒரு முறை மட்டை பிடித்து மூன்று அவுட் ஆகும்வரை ஆடுவது அவர்கள் பக்கத்து இன்னிங்ஸ். அப்படி ஒன்பது இன்னிங்ஸ், ஆக 27 அவுட். மோசமாக வீசினால் வீசிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். மூன்றாவது அவுட் விழும்வரை யாரும் வந்து காப்பாற்ற மாட்டார்கள். ஓர் ஆட்டத்தை முடிக்க ஓர் அணி சுமார் நூற்றைம்பது பந்து வீச வேண்டியிருக்கும்.

ஆகவே ஒரு பிட்ச்சர் அடிபட்டால், "ஒரு ஆள் போனார்" என்று நினைப்பதைவிட, "அவர் எடுக்க வேண்டிய அவுட்டுகளை இனி யார் எடுப்பது" என்று கேட்பதுதான் சரி. மைதானத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அணி நிர்வாகம் போடுகிற கணக்கும் அதுதான்.

## அந்தக் கை ஏன் தினமும் வராது

என் நண்பர்கள் அடிக்கடி கேட்பது: "பும்ரா ஒரு மேட்ச் ஆடிட்டு ரெண்டு நாள் கழிச்சு மறுபடி வர்றாரே, இவங்களுக்கு என்ன?"

டி20யில் பும்ரா வீசுவது நாலு ஓவர், 24 பந்து. பேஸ்பாலில் ஆட்டத்தைத் தொடங்கி வைக்கிற பிட்ச்சருக்கு ஸ்டார்ட்டர் என்று பெயர். அவர் ஒரே நாளில் தொண்ணூறு, நூறு பந்து வரை எறிவார். கிரிக்கெட்டில் மடக்கிய முழங்கையை நீட்டி எறியக் கூடாது என்பது விதி. பேஸ்பாலில் எறிவதே அந்த வளைவின் பலத்தில்தான். கை பின்னால் மடங்கி, முழங்கை முன்னே வந்து, பிறகு முன்கை சாட்டை மாதிரி வீசப்படும். அந்த ஒரு நொடியின் சிறு பகுதியில் முழங்கையின் உள்பக்கம், எலும்பையும் எலும்பையும் கட்டி வைத்திருக்கும் ஒரு சின்னத் தசைநார் மொத்த இழுவையையும் தாங்குகிறது. மணிக்கு 150 கிலோமீட்டர் வேகம் இன்றைக்குச் சாதாரணம். வேகம் கூடக் கூட அந்த நாரின் பாடு திண்டாட்டம்.

அது அறுந்தால் உடம்பின் வேறிடத்திலிருந்து ஒரு நாரை எடுத்துவந்து அங்கே பொருத்துவார்கள். இதற்கு டாமி ஜான் அறுவை சிகிச்சை என்று பெயர். 1974இல் டாக்டர் ஃப்ராங்க் ஜோப் இதை முதன்முதலில் செய்தது டாட்ஜர்ஸ் பிட்ச்சர் டாமி ஜானுக்குத்தான். வலக்கையிலிருந்து எடுத்து இடது முழங்கையில் வைத்தார். 1975 முழுக்க ஜான் ஆடவில்லை. 1976இல் திரும்பி வந்தவர் 1989 வரை வீசினார். இன்றும் இந்தச் சிகிச்சை செய்துகொண்டவர் திரும்ப ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. பிளேஆஃபுக்குள் தேறிவிடுவார் என்ற பேச்சுக்கே இடமில்லை.

இப்போது 2024 டாட்ஜர்ஸைப் பாருங்கள். டோனி கோன்சோலின், எமெட் ஷீஹன், ரிவர் ரையன் மூவருக்கும் டாமி ஜான். டைலர் கிளாஸ்னோவுக்கு முழங்கை. கேவின் ஸ்டோனுக்குத் தோள். கிளேட்டன் கெர்ஷாவுக்குக் கால் பெருவிரல். ஷோஹேய் ஒஹ்டானிக்கு முந்தைய செப்டம்பரில் முழங்கையில் அறுவை சிகிச்சை நடந்திருந்ததால் அந்த வருடம் மட்டை மட்டும்தான், பந்து கிடையாது. பிளேஆஃப் நடக்கும் அக்டோபரில் நம்பி நிறுத்த மிஞ்சிய ஸ்டார்ட்டர்கள் மூன்றே பேர். மூன்று மாதம் தோள் காயத்தில் கிடந்துவிட்டுச் செப்டம்பரில் வந்த யோஷினோபு யமமோட்டோ, ஜூலை கடைசியில் டெட்ராய்ட்டிலிருந்து வாங்கிய ஜாக் ஃபிளாஹர்ட்டி, இரண்டாவது டாமி ஜான் முடிந்து மே மாதம் திரும்பியிருந்த வாக்கர் ப்யூலர்.

இதுவரை சொன்னது இவ்வளவுதான்: பேஸ்பாலில் வேலையின் அளவு 27 அவுட், அது குறையாது. அந்த வேலையின் பெரும்பங்கைச் செய்கிற கை ஒருநாள் வீசினால் நாலைந்து நாள் ஓய்வு கேட்கும். டாட்ஜர்ஸிடம் அப்படிப்பட்ட கை மூன்றுதான் இருந்தது.

## பிளேஆஃபில் நாள்காட்டியே ஒரு ஆட்டக்காரர்

சாதாரண சீசனில் ஆறு மாதத்தில் 162 ஆட்டம். கிட்டத்தட்ட தினமும் ஆட்டம். அதனால் ஐந்து ஸ்டார்ட்டர்கள் முறை வைத்து வீசுவார்கள். இருவர் குறைந்தால் அங்கே சங்கிலியே அறுந்துபோகும்.

பிளேஆஃபில் தொடர்கள் ஐந்தில் மூன்று, ஏழில் நாலு என்று நடக்கும். ஊர் மாறும்போது இடையே ஒருநாள் விடுமுறை வரும். தொடருக்கும் தொடருக்கும் நடுவிலும் சில நாள் கிடைக்கும். கோப்பைக்கான கடைசித் தொடருக்கு உலகத் தொடர் என்று பெயர். 2024 உலகத் தொடரை எடுத்துக்கொள்வோம். எதிரணி நியூயார்க் யாங்கீஸ். அக்டோபர் 25 ஃபிளாஹர்ட்டி, 26 யமமோட்டோ, 27 பயணம், 28 ப்யூலர், 29 யாருமில்லை, 30 மறுபடி ஃபிளாஹர்ட்டி. அந்த "யாருமில்லை" என்ற ஒரே ஒரு நாளைத் தாண்டிவிட்டால் மூன்று பேரே போதும்!

காயம்பட்ட அணி பிளேஆஃபில் தேறாது என்று சொல்பவர்கள் தவறவிடுவது இதைத்தான். ஐந்து ஸ்டார்ட்டர் இல்லாதது ஜூலையில் பெரிய ஓட்டை. அக்டோபரில் அது வாரத்துக்கு ஒரு நாள் ஓட்டை.

## அந்த ஒரு நாளை எட்டுப் பேர் பிய்த்துக்கொள்வது

ஸ்டார்ட்டர் களைத்தபின் வந்து ஓரிரு இன்னிங்ஸ் வீசுகிறவர் ரிலீவர். ரிலீவர்கள் உட்கார்ந்து கையைச் சூடேற்றுகிற இடத்துக்குப் புல்பென் என்று பெயர். அந்தக் கூட்டத்தையே சேர்த்தும் புல்பென் என்பார்கள். ஸ்டார்ட்டரே இல்லாமல் முதல் பந்திலிருந்து ரிலீவர்களை வைத்தே ஓர் ஆட்டத்தை ஓட்டினால் அது புல்பென் கேம்.

கேட்பதற்கு, வழியற்றவர் வேலை போலத் தோன்றும். ஆனால் இதற்குள் ஒரு நல்ல காரணம் இருக்கிறது. மட்டையாளர் ஒரே பிட்ச்சரை முதல் தடவை சந்திக்கும்போது திணறுவார். இரண்டாம் தடவை பழகுவார். மூன்றாம் தடவை பந்து எங்கே வரும் என்று ஊகித்துக் காத்திருப்பார். ரிலீவர் மாறி மாறி வந்தால் மூன்றாம் சுற்று என்பதே வராது. போதாததற்கு, நூறு பந்துக்குப் பலத்தைச் சேமிக்க வேண்டிய கவலை ரிலீவருக்கு இல்லை. இருக்கிற வேகம் அத்தனையையும் இருபது பந்தில் கொட்டிவிடலாம்.

2024 அக்டோபர் 9. எதிரணி சான் டியகோ பாட்ரேஸ், ஆட்டம் அவர்கள் ஊரில். தொடரில் நாங்கள் 1-2 என்று பின்தங்கியிருந்தோம். தோற்றால் வீட்டுக்கு. கணுக்கால் வீக்கத்தால் எங்கள் முக்கிய மட்டையாளர் ஃப்ரெடி ஃப்ரீமனும் அன்று ஆடவில்லை. மேலாளர் டேவ் ராபர்ட்ஸ் எட்டுப் பிட்ச்சர்களை ஒருவர் பின் ஒருவராக அனுப்பினார். எட்டுப் பேரும் சேர்ந்து ஒரு ரன்கூடக் கொடுக்கவில்லை, 8-0. ஒவ்வொரு மாற்றத்துக்கும் புல்பென் கதவு திறக்கும்போது எனக்குக் கை நடுங்கியது. ஏனென்றால் இந்த முறையின் பலவீனம் அதில்தான் இருக்கிறது: எட்டுப் பேரில் ஒருவருக்கு அன்று பந்து சரியாக வரவில்லை என்றால் எல்லாம் கவிழும்.

அதுவும் நடந்தது. அந்த அக்டோபரில் டாட்ஜர்ஸ் நாலு புல்பென் கேம் ஆடியது. பாட்ரேஸிடம் ஒன்று வெற்றி, நியூயார்க் மெட்ஸிடம் ஒன்று தோல்வி, ஒன்று வெற்றி, யாங்கீஸிடம் ஒன்று தோல்வி. சரிபாதி. மற்ற ஆட்டங்களில் 9 வெற்றி, 3 தோல்வி. புல்பென் கேம் அற்புதம் செய்ய வேண்டியதில்லை, பாதிக்குப் பாதி தேறினால் போதும் என்பது இந்த எண்களிலேயே இருக்கிறது.

2023ஐ இதோடு வைத்துப் பார்க்கிறேன். அரிசோனா டைமண்ட்பேக்ஸ் எங்களை 3-0 என்று துடைத்தெறிந்த தொடர் அது. மூன்று ஆட்டத்திலும் சேர்த்து எங்கள் ஸ்டார்ட்டர்கள் எடுத்தது 14 அவுட். முதல் ஆட்டத்தில் கெர்ஷா ஒரே ஒரு அவுட் எடுத்து ஆறு ரன் கொடுத்தார். சில வாரத்தில் அவர் தோளில் அறுவை சிகிச்சை நடந்தது. எனக்கு கெர்ஷாவைவிடப் பிடித்த பிட்ச்சர் கிடையாது. அந்த இரவு அவர் தலைகுனிந்து இறங்கிப் போனதைப் பார்க்க முடியவில்லை. ஆனாலும் சொல்கிறேன்: பாதி குணமான பெரிய கையைவிட, முழுசாகத் தேறிய எட்டுச் சின்னக் கைகள் மேல். 2024இல் கெர்ஷா கேட்டிருந்தாலும் பட்டியலில் இடம் கொடுக்காமல் ஓய்வில் வைத்தது சரியான முடிவு.

சுருக்கமாக: மூன்று ஸ்டார்ட்டர், விடுமுறை நாட்கள், நடுவில் ஒரு புல்பென் கேம். இதுதான் கட்டமைப்பு. மிச்சம் இருப்பது, ரசிகர்களுக்கு ரொம்பக் கசக்கிற பகுதி.

## கைக்காசை எந்த ஆட்டத்தில் செலவு செய்வது

நல்ல ரிலீவர்கள் கையிலிருக்கும் காசு மாதிரி. இன்றைக்குச் செலவு செய்தால் நாளைக்கு இல்லை.

உலகத் தொடரின் நாலாவது ஆட்டம். 3-0 என்று முன்னிலை, இன்னும் ஒன்று ஜெயித்தால் கோப்பை. புல்பென் கேம். மூன்றாவது இன்னிங்ஸில் எங்கள் ரிலீவர் டேனியல் ஹட்சனின் பந்தில் யாங்கீஸின் ஆந்தனி வோல்பி கிராண்ட் ஸ்லாம் அடித்தார். ரன்னுக்கு ஓடுகிறவர் நின்று போகிற இடத்துக்குப் பேஸ் என்று பெயர். மூன்று பேஸிலும் ஆள் நிற்கும்போது பந்தை வேலிக்கு வெளியே அனுப்பி ஒரே அடியில் நாலு ரன் எடுப்பதுதான் கிராண்ட் ஸ்லாம். பிறகு நாங்கள் மெல்ல நெருங்கி, எட்டாவது இன்னிங்ஸ் வரும்போது 6-4. இரண்டே ரன் வித்தியாசம்!

நம்மூர் நேரம் காலை எட்டைத் தாண்டியிருக்கும். எங்கள் நல்ல ரிலீவர்களில் பிளேக் டிரைனன் வருவார், மைக்கேல் கோபெக் வருவார் என்று திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் பிரென்ட் ஹனிவெல். அந்த ஒரே இன்னிங்ஸில் அவர் 50 பந்து வீசினார், ஐந்து ரன் போனது, ராபர்ட்ஸ் அசையவில்லை. 11-4. அன்று டிரைனன், கோபெக், அலெக்ஸ் வேசியா யாரும் ஒரு பந்துகூட வீசவில்லை.

மெட்ஸ் தொடரின் ஐந்தாவது ஆட்டத்திலும் இதே கதை. ஃபிளாஹர்ட்டி எட்டு ரன் கொடுத்துவிட, ஹனிவெல் நாலு இன்னிங்ஸுக்கு மேல் தனியாகச் சுமந்தார். 12-6 தோல்வி. அடுத்த ஆட்டத்துக்கு ஓய்வெடுத்த கைகள் இருந்தன, 10-5 வெற்றி. ஹனிவெல் பெயரை வெற்றி விழாவில் யாரும் முதலில் சொல்லவில்லை. என் கணக்கில் அவர் அந்தக் கோப்பையின் ஒரு கைப்பிடி.

நாலாவது ஆட்டத்தை ராபர்ட்ஸ் விட்டுக்கொடுத்தார் என்று கோபப்பட்டவர்களில் நானும் ஒருவன். அந்தக் கோபம் 24 மணி நேரம்தான் தாங்கியது.

## மட்டையாளரின் காயம் வேறு கணக்கு

பிட்ச்சரின் காயம் அவுட்டுகளைத் திருடும். மட்டையாளரின் காயம் அவருடைய ஆட்டத்தில் ஒரு பகுதியைத்தான் எடுத்துக்கொள்ளும். எந்தப் பகுதி என்பதில்தான் சூட்சுமம்.

ஃப்ரீமன் செப்டம்பர் 26 அன்று முதல் பேஸுக்கு ஓடும்போது வலது கணுக்காலை முறுக்கிக்கொண்டார். அவர் இடக்கை மட்டையாளர். அடிக்கும்போது உடம்பு எடை முழுக்க வந்து இறங்கி நிற்பது அந்த வலது காலில்தான். போதாக்குறைக்கு விலா எலும்பின் குருத்தெலும்பும் உடைந்திருந்தது, அது பின்னால்தான் வெளியே தெரிந்தது. மெட்ஸ் தொடரில் 18 முயற்சியில் மூன்று அடிதான், மூன்றும் ஒற்றை பேஸ். அந்தத் தொடர் முடிந்து உலகத் தொடர் தொடங்கக் கிடைத்த ஓய்வு நாட்கள் அவர் காலுக்கு வேண்டியதைக் கொடுத்தன. இங்கேயும் நாள்காட்டிதான்.

முதல் ஆட்டம், பத்தாவது இன்னிங்ஸ், யாங்கீஸ் 3-2 என்று முன்னால். இரண்டு அவுட், மூன்று பேஸிலும் ஆள். பந்தெறிய நின்றவர் நெஸ்டர் கோர்டெஸ். அவரும் காயக்காரர்தான், முழங்கைப் பிரச்சினையால் செப்டம்பர் 18க்குப் பிறகு எந்த ஆட்டத்திலும் வீசாதவர். ஒரு கணுக்காலும் ஒரு முழங்கையும் எதிரெதிரே. உள்பக்கமாக வந்த முதல் பந்தையே ஃப்ரீமன் வலப்பக்க இருக்கைகளுக்கு அனுப்பி, மட்டையைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தார். உலகத் தொடர் வரலாற்றில் ஆட்டத்தை அப்படியே முடித்துவைத்த முதல் கிராண்ட் ஸ்லாம் அது. முதல் நாலு ஆட்டத்திலும் ஹோம் ரன் (வேலியைத் தாண்டுகிற அடி) அடித்து, தொடர் நாயகன் ஆனார். டிசம்பரில் அந்தக் கணுக்காலுக்கு அறுவை சிகிச்சை.

பந்து வேலியைத் தாண்டிவிட்டால் ஓடத் தேவையில்லை, நடந்தே வரலாம். 1988இல் இதே மைதானத்தில் இரண்டு காலும் அடிபட்ட கர்க் கிப்சன், அந்த உலகத் தொடரில் தான் மட்டை பிடித்த ஒரே தடவையில் ஹோம் ரன் அடித்து முதல் ஆட்டத்தை முடித்ததும் அப்படித்தான். அவரிடமிருந்து ஓட்டத்தைக் காயம் எடுத்துக்கொண்டது, அடியை விட்டுவைத்தது.

ஒஹ்டானிக்கு நேர்மாறு. இரண்டாவது ஆட்டத்தில் இரண்டாம் பேஸுக்குச் சறுக்கியபோது இடது தோள் பாதி விலகியது. அடுத்த ஆட்டத்தில் அசையாமல் இருக்கட்டும் என்று இடக்கையால் தன் சட்டைக் காலரைப் பிடித்துக்கொண்டே ஓடினார். கால் நன்றாகவே இருந்தது, மட்டை சுழலவில்லை. தொடர் முழுக்க 19 முயற்சியில் இரண்டு அடி. ஆனாலும் அவரை எடுத்துவிட முடியாது. தொடரின் நடுவில் காயத்துக்காக 26 பேர் பட்டியலிலிருந்து நீக்கினால் அவர் திரும்ப வர முடியாது என்பது விதி.

## தீபாவளிக் காலை

ஐந்தாவது ஆட்டம் நியூயார்க்கில் அக்டோபர் 30 இரவு. நமக்கு 31, தீபாவளி விடியல். வெளியே வெடிச் சத்தம். உள்ளே ஃபிளாஹர்ட்டி நாலே அவுட்டில் வெளியேறிக்கொண்டிருந்தார். 4-0 என்று யாங்கீஸ் முன்னால். மிச்சம் 23 அவுட்.

முந்தைய நாள் செலவழிக்காத காசு அப்போதுதான் வெளியே வந்தது. பண்டா, பிரேசியர், கோபெக், வேசியா, கிராட்டரோல் என்று வரிசையாக. நடுவில் 5-0 ஆனது. ஐந்தாவது இன்னிங்ஸில் யாங்கீஸ் அடுத்தடுத்துத் தடுமாற, ஐந்து ரன்னும் திரும்பி வந்தது. ஆறாவதில் உள்ளே வந்த டிரைனன் எட்டாவது வரை நின்று ஏழு அவுட் எடுத்தார், 42 பந்து. எட்டாவதில் இரண்டு பேர் பேஸில் நிற்க, ராபர்ட்ஸ் நடந்துபோய் அவர் மார்பில் இரண்டு கையையும் வைத்துக் கண்ணைப் பார்த்தார். மாற்றாமல் திரும்பி வந்தார். டிரைனன் அடுத்த இருவரையும் முடித்தார். 7-6.

ஒன்பதாவதுக்கு ஓய்வெடுத்த ரிலீவர் யாரும் மிஞ்சவில்லை என்று நான் விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தபோது புல்பென் கதவைத் திறந்துகொண்டு வந்தவர் வாக்கர் ப்யூலர். இரண்டு நாள் முன்னால்தான் ஸ்டார்ட்டராக ஐந்து இன்னிங்ஸ் வீசியவர், இரண்டு முறை அறுத்துத் தைத்த முழங்கைக்காரர். ஒன்று தரையில் உருண்டு அவுட், அடுத்த இருவரும் ஸ்ட்ரைக்அவுட், அதாவது பந்தை அடிக்கவே முடியாமல் அவுட். இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

ஆறாவது ஆட்டம் தேவைப்பட்டிருந்தால் நவம்பர் 1 அன்று யமமோட்டோ வீசியிருப்பார். 26ஆம் தேதி வீசிய அந்தக் கைக்கு ஐந்து நாள் ஓய்வு கிடைத்திருக்கும்.